சூடானதும் நிற்கிற மாருதி 800: பெட்ரோலா, கரண்டா?

ஈரோட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது இது. அப்பா வாங்கிய 1996 மாடல் மாருதி 800, கார்ப்ரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புவது) வைத்த வண்டி. காலையில் சோக் இழுத்தால் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது. இருபது, இருபத்தைந்து நிமிடம் நன்றாக ஓடுகிறது. அப்புறம் இழுவை குறைந்து, குலுங்கி, நின்றுவிடுகிறது. பானட்டைத் திறந்து அரை மணி நேரம் விட்டுவிட்டு செல்ஃப் அடித்தால், ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது. இரண்டு மெக்கானிக்கிடம் காட்டியாயிற்று. பிளக், கார்ப்ரேட்டர் கிட், ஃப்யூல் பம்ப், ஃபில்டர் எல்லாம் மாற்றியாயிற்று. கோளாறு மட்டும் மாறவில்லை. கார்ப்ரேட்டரையே புதிதாகப் போடச் சொல்கிறார் ஒருவர்; எல்லாம் எத்தனால் கலந்த பெட்ரோல் செய்கிற வேலை என்கிறார் இன்னொருவர். மாற்றட்டுமா வேண்டாமா என்பது கேள்வி.

கேள்வி கார்ப்ரேட்டரைப் பற்றி இருந்தாலும், அடுத்து எந்தச் சாமானுக்குப் பணம் கட்டுவது என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். அதற்கு என் பதில்: எதற்கும் கட்டாதீர்கள். நான்கு சாமான் மாற்றியும் போகாத கோளாறு ஐந்தாவதில் போனால் அது அதிர்ஷ்டம், வைத்தியம் இல்லை. உங்கள் வண்டி நிற்கும்போது அதில் பெட்ரோல் இல்லையா, பிளக்கில் பொறி விழ வைக்கும் கரண்ட் இல்லையா என்று இதுவரை ஒருவரும் பார்க்கவில்லை. அதைப் பார்க்கும் வழியைச் சொல்கிறேன். ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படித்து, அம்பாசிடர், பத்மினி கார்களில் கை பழகி, முப்பது வருடத்துக்கு மேல் இந்த வேலை செய்கிறவன் நான். ஆனாலும் வண்டியைப் பார்க்காமல் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. எது உறுதி, எது என் ஊகம் என்று பிரித்துச் சொல்லிக்கொண்டே போகிறேன்.

முதலில் உங்கள் விவரத்திலிருந்து என்ன தெரிகிறது என்று பார்ப்போம். காலையில் ஒரே செல்ஃபில் எடுக்கிறது என்பதால் கம்ப்ரெஷன், டைமிங் பெல்ட் பக்கமெல்லாம் இப்போதைக்குப் போக வேண்டாம். அரை மணியில் தானாகச் சரியாகிவிடுகிறது என்பது அதைவிடப் பெரிய துப்பு. கார்ப்ரேட்டருக்குள் பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட்டில் தூசி அடைத்திருந்தால், அந்தத் தூசிக்குச் சூடும் தெரியாது, குளிர்ச்சியும் தெரியாது; காலையிலும் அடைத்துக்கொண்டுதான் இருக்கும். நின்றால் சரியாகி, ஓடினால் கெடுகிற கோளாறு என்றால் அது சூட்டால் வருவது, அல்லது ஓட ஓடச் சேர்ந்து நின்றதும் கலைவது. அந்த வகையில் நான் பார்த்தவை பெரும்பாலும் நான்கு. பெட்ரோல் லைனில் ஆவி சேர்வது. டேங்கிலிருந்து பெட்ரோல் வரும் வழி மெல்ல மெல்ல அடைபடுவது. டேங்க் மூடிக்குக் காற்றுவழி இல்லாமல் போவது. சூடானதும், பிளக்குக்குக் கரண்ட் தரும் இக்னிஷன் காயிலோ, அதோடு வேலை செய்யும் கண்டென்சரோ எலக்ட்ரானிக் மாட்யூலோ படுத்துக்கொள்வது. நான்குக்கும் வெளியே தெரிகிற அடையாளம் ஏறக்குறைய ஒன்றேதான். அதனால்தான் நல்ல மெக்கானிக்குகளே இதில் ஏமாறுகிறார்கள். அவர்களிடம் வண்டி வந்து சேரும்போது ஆறியிருக்கும். ஆறிய வண்டியில் எதைச் சோதித்தாலும் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

நிற்கிற விதத்தைக் கவனியுங்கள். சுவிட்சை அணைத்தது போல ஒரே நொடியில் எஞ்சின் செத்தால் கரண்ட் பக்கம். இழுவை குறைந்து, ஆக்சிலரேட்டரை மிதித்தால் திக்கி, காலை எடுத்தால் கொஞ்சம் தேறி, மறுபடி திக்கி நிற்பது பெட்ரோல் பக்கம். கார்ப்ரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் சின்ன அறையான ஃப்ளோட் சேம்பரில் கொஞ்சம் பெட்ரோல் மிச்சம் இருக்கும். அது தீர்கிற வரை வண்டி இழுத்துக்கொண்டு ஓடும் என்பதால்தான் அந்தத் திக்கல். நீங்கள் 'குலுங்கி நிற்கிறது' என்று எழுதியிருப்பதால் என் ஊகம் பெட்ரோல் பக்கம் சாய்கிறது. ஆனால் காயில் பலவீனமாகிச் சாகும்போதும் மிஸ்ஸிங் அடித்துக் குலுங்கும். எனவே இது சாய்வு மட்டுமே, தீர்ப்பு இல்லை. இன்னொன்றையும் பார்த்து வையுங்கள்: நேராக அறுபதில் போகும்போது நிற்கிறதா, சிக்னலில் நின்று ஊரும்போது நிற்கிறதா? ஐடிலிங்கில் மட்டும் நின்று, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் ஓடுகிறது என்றால் கதையே வேறு. ஸ்லோ ஜெட், அதன் பக்கத்தில் ஒயர் போகிற சாலினாய்டு வால்வ், மேனிஃபோல்டில் காற்று இழுக்கும் கிழிந்த வாக்கம் ஹோஸ் என்று பார்க்க வேண்டும். சாவியைத் திருப்பும்போது அந்தச் சாலினாய்டு 'டிக்' என்று சத்தம் போட வேண்டும். உங்கள் வண்டி ஓட்டத்திலேயே நிற்பதாகத் தெரிகிறது, எனவே இதை விட்டுவிடுகிறேன்.

இப்போது முக்கியமான வேலை. வண்டியை வேண்டுமென்றே நிற்க வைக்க வேண்டும். ஒரு ஆளைத் துணைக்குக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு உபரி பிளக், பிளக் ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், தடித்த துணி, இரண்டு லிட்டர் தண்ணீர், மூடியுள்ள ஒரு பெட்ரோல் தாங்கும் டப்பா, சின்னதாக ஒரு தீயணைப்பான். வெயில் நேரத்தில், போக்குவரத்து குறைந்த அகலமான சாலையில் ஓட்டுங்கள். நின்றதும் வண்டியை ஓரம் கட்டி ஹாண்ட் பிரேக் போடுங்கள். மறுபடி செல்ஃப் அடித்துப் பார்க்கிற ஆசையை அடக்குங்கள். அடுத்த இரண்டு, மூன்று நிமிடத்தில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். வரிசை மாறக் கூடாது.

ஒன்று, டேங்க் மூடி. மெதுவாகத் திறந்து காதை வையுங்கள். 'உஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுக்கிற சத்தம் பலமாகக் கேட்டால், டேங்குக்குள் வெற்றிடம் ஏறியிருக்கிறது. பெட்ரோல் போன இடத்துக்குக் காற்று வரவில்லை. மூடியைத் திறந்த உடனே வண்டி எடுத்து நன்றாக ஓடினால் ஏறக்குறைய கண்டுபிடித்துவிட்டீர்கள். மூடியை மாற்றுங்கள், அல்லது டேங்கின் காற்றுக் குழாயைப் பாருங்கள். மண் குளவி கூடு கட்டி அடைத்ததை நான் இரண்டு வண்டியில் பார்த்திருக்கிறேன். லேசான சத்தம் மட்டும் வந்தால் அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். வெயிலில் டேங்க் சூடேறி, காற்று வெளியே வருகிற சத்தமும் உண்டு. அது கோளாறு இல்லை.

இரண்டு, கார்ப்ரேட்டர் தொண்டை. ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, சாவி ஆஃபில் இருக்கும்போதே உள்ளே பார்த்துக்கொண்டு, ஆக்சிலரேட்டர் கேபிள் இழுக்கிற த்ராட்டில் லீவரைக் கையால் முழுக்கத் திறந்து மூடுங்கள். ஒவ்வொரு முறையும் மெல்லிய ஒரு பீச்சல் பெட்ரோல் வர வேண்டும். முதல் தடவை வந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஆக்சிலரேட்டர் பம்ப் அறைக்குள் மிச்சம் இருந்தது அதுவாக இருக்கலாம். நான்கைந்து முறை செய்யுங்கள். தொடர்ந்து பீச்சினால் ஃப்ளோட் சேம்பரில் பெட்ரோல் இருக்கிறது. இரண்டாவதிலேயே வறண்டால் சேம்பர் காலி. இந்த ஒரு நிமிடச் சோதனை, உங்கள் வண்டிக்கு இதுவரை மாற்றிய நான்கு சாமானைவிட அதிகம் சொல்லும். பீடி, சிகரெட் பிடிக்கிற ஆள் பக்கத்தில் நிற்கக் கூடாது என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் சாலையோரத்தில் வண்டி நின்றால் முதலில் வந்து எட்டிப் பார்க்கிறவர் வாயில் அதுதான் இருக்கும்.

மூன்று, கரண்ட். ஏர் ஃபில்டர் மூடியைத் திரும்பப் பூட்டி, சிந்திய பெட்ரோல் ஏதாவது இருந்தால் துடைத்து, ஆவி போன பிறகு இதைச் செய்யுங்கள். எஞ்சினிலிருந்து பிளக்கைக் கழற்ற வேண்டாம். ஒரு பிளக் ஒயரை மட்டும் எடுத்து உபரி பிளக்கில் மாட்டி, அந்தப் பிளக்கின் இரும்பு உடலை எஞ்சின் இரும்பில் நன்றாகத் தொட வைத்து, கையை எடுத்துவிட்டு, துணையாளை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். சடக் சடக்கென்று நீலமாகப் பொறி விழுந்தால் கரண்ட் இருக்கிறது. மஞ்சளாக, நூல் மாதிரி, விட்டு விட்டு விழுந்தால் பலவீனம். இல்லவே இல்லை என்றால் பதில் கையில். பிளக்கை எர்த் செய்யாமல் ஒயரை அந்தரத்தில் தொங்கவிட்டு செல்ஃப் அடிக்காதீர்கள். எலக்ட்ரானிக் இக்னிஷன் என்றால் மாட்யூல் போய்விடலாம். சோதனை முடிந்ததும் சாவியை ஆஃப் செய்யுங்கள். பாயிண்ட் (காயிலின் கரண்டைத் திறந்து மூடும் சின்னச் சுவிட்ச்) வைத்த வண்டியில் எஞ்சின் ஓடாமல் சாவி ஆனில் இருந்தால், பாயிண்ட் மூடிய நிலையில் காயில் வழியாகக் கரண்ட் ஓடிக்கொண்டே இருந்து, நல்ல காயிலும் கொதித்துப்போகும்.

பீச்சல் இல்லை, பொறி நன்றாக இருக்கிறது என்று வந்தால் பெட்ரோல் வரவில்லை. இனி கார்ப்ரேட்டரிலிருந்து பின்னோக்கி டேங்க் வரை நடக்க வேண்டும். முதலில் காயிலுக்குப் போகிற சன்ன ஒயரைக் கழற்றிவிடுங்கள், பொறியே விழக் கூடாது. கார்ப்ரேட்டருக்கு வரும் ஹோஸைக் கழற்றி டப்பாவுக்குள் விட்டு, பத்து விநாடி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மெக்கானிக்கல் பம்ப் துடித்துத் துடித்துக் கொட்ட வேண்டும். நல்ல பம்ப் தடித்த பீச்சலாகத் தள்ளும். சொட்டுச் சொட்டாக வந்தாலும் நுரைத்துக்கொண்டு வந்தாலும் கோளாறு பம்பிலோ அதற்குப் பின்னாலோ இருக்கிறது. நன்றாகக் கொட்டுகிறது, ஆனால் சேம்பர் காலி என்றால், கார்ப்ரேட்டர் வாசலில் உள்ள நீடில் வால்வ் ஒட்டிக்கொள்கிறது, அல்லது வாசலில் இருக்கிற சின்ன வலை அடைத்திருக்கிறது. கார்ப்ரேட்டரைக் குற்றம் சொல்ல எனக்கு முதல் காரணம் இங்கேதான் கிடைக்கும். அதுவும் ஒரு வால்வுக்குத்தான், முழு கார்ப்ரேட்டருக்கு இல்லை.

பம்ப் சொட்டுகிறது என்றால் உடனே பம்பைத் திட்டாதீர்கள். உங்களுடையது புதுப் பம்ப். டேங்கிலிருந்து வரும் ஹோஸைப் பம்பிலிருந்து கழற்றி, வேறொரு டப்பாவில் சுத்தமான பெட்ரோல் வைத்து, அதிலிருந்து ஒரு சின்ன ஹோஸில் பம்பை உறிஞ்ச விடுங்கள். இப்போது நன்றாகக் கொட்டினால் பம்ப் நிரபராதி. டேங்குக்கும் பம்புக்கும் நடுவே அடைப்பு, அல்லது காற்று இழுப்பு. காற்று இழுப்பைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டேங்க் பக்கம் பம்ப் உறிஞ்சுகிற பக்கம். அங்கே ஹோஸில் வெடிப்பு இருந்தால் பெட்ரோல் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே போகும். வெளியே ஈரம் இல்லை, ஹோஸ் நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் தடவிப் பார்த்துவிட்டுப் போவார்கள். கிளிப்புக்கு அடியில் ஹோஸை வளைத்துப் பார்த்தால்தான் வெடிப்பு தெரியும். முப்பது வயது வண்டியில் டேங்க் பக்கத்து ரப்பர் ஹோஸ்களை, கோளாறு இருந்தாலும் இல்லாவிட்டாலும், மாற்றிவிடுவது நல்லது. மேலே சாமான் மாற்றாதே என்று சொன்னவனே இதைச் சொல்கிறேன். ரப்பருக்கு மட்டும் விதிவிலக்கு.

டேங்கைப் பற்றி ஒரு அனுபவம். நான் வேலை கற்றுக்கொண்ட காலத்தில் ஒரு பத்மினி வந்தது. பதினைந்து கிலோமீட்டர் ஓடும், நிற்கும், கால் மணி கழித்து ஓடும். நாங்கள் பம்பைப் பிரித்தோம், கார்ப்ரேட்டரைப் பிரித்தோம், மூன்று தடவை. கடைசியில் என் ஆசான் டேங்கை இறக்கச் சொன்னார். உள்ளே கையளவு ஒரு துணி. எப்போதோ மூடி தொலைந்தபோது யாரோ துணியைத் திணித்து ஓட்டியிருக்கிறார்கள்; அது உள்ளே விழுந்துவிட்டது. ஓட ஓட உறிஞ்சலில் அது மெல்ல வந்து குழாய் வாயில் ஒட்டும். எஞ்சின் நின்றதும் உறிஞ்சல் போய், துணி விலகி மிதக்கும். சூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் பார்ப்பதற்கு அச்சு அசல் சூட்டுக் கோளாறு. மாருதியில் துணிக்குப் பதில் துருப்பொடி அந்த வேலையைச் செய்யும், டேங்க் தகரம்தானே. வாரத்தில் ஒரு நாள் எடுக்கிற வண்டி, எப்போதும் பாதி டேங்க் என்றால் மேல் பாதியில் துரு பிடித்தே இருக்கும். புதிதாகப் போட்ட ஃபில்டரைக் கழற்றி, பெட்ரோல் வரும் பக்கத்திலிருந்து வெள்ளைத் துணியில் தட்டிப் பாருங்கள். காவி நிறப் பொடி கொட்டினால் டேங்கை இறக்கிக் கழுவ வேண்டியதுதான். பம்ப் மாட்டியிருக்கும்போதே லைனில் கம்ப்ரஸர் காற்றை அடிக்காதீர்கள்; பம்புக்குள் இருக்கிற சவ்வு, டயாஃப்ரம், கிழிந்துவிடும்.

டப்பாவில் வைத்த பெட்ரோலிலும் பம்ப் நுரைக்கிறது, தொட முடியாத சூட்டில் இருக்கிறது என்றால் ஆவி சேர்வதுதான், வேப்பர் லாக். பெட்ரோல் ஒரே பொருள் இல்லை, பல எண்ணெய்களின் கலவை. அதில் இலேசானவை 40 டிகிரிக்கு முன்னாலேயே கொதிக்கத் தொடங்கும், கனமானவை 200 டிகிரி வரை தாங்கும். உறிஞ்சுகிற பக்கத்தில் அழுத்தம் குறைவதால் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். மெக்கானிக்கல் பம்ப் திரவத்தைத் தள்ளப் பிறந்தது. ஆவி உள்ளே சேர்ந்தால் டயாஃப்ரம் அதை அமுக்கி அமுக்கி விளையாடுமே தவிரத் தள்ளாது. பழைய பத்மினி டாக்ஸிக்காரர்களுக்கு இதெல்லாம் படிக்காமலே தெரியும். மலை ஏறும்போது பம்ப் மேல் ஈரத்துணி சுற்றி வைத்திருப்பார்கள், வளைவுக்கு வளைவு தண்ணீர் ஊற்றுவார்கள். உங்களுக்கும் அதுதான் சோதனை: வண்டி நின்றதும் ஈரத்துணியைப் பம்ப் மேலும் கார்ப்ரேட்டருக்குப் போகும் ஹோஸ் மேலும் போட்டு, இரண்டு நிமிடம் கழித்து செல்ஃப் அடியுங்கள். எடுத்துவிட்டால், அரை மணி ஆகிற வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்ததால், சந்தேகம் உறுதிப்படும். தண்ணீரை, பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் மேலோ சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேலோ ஊற்றிவிடாதீர்கள்.

வேப்பர் லாக் என்று வந்தாலும் அது நோய் இல்லை, அறிகுறி. இந்த மாருதி 1983 கடைசியில் வந்து 2014 வரை ஓடிய மாடல்; கோடை வெயிலில் கார்ப்ரேட்டர் மாருதிகள் லட்சக்கணக்கில் ஓடின, ஈரத்துணி இல்லாமல். உங்களுடையது மட்டும் கொதிக்கிறது என்றால் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. எனக்கு முதல் சந்தேகம் பம்ப் மாற்றிய வேலையின் மேல். பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே தடித்த, சூடு கடத்தாத ஒரு பேக்கிங் வரும். பழையது பம்போடு ஒட்டிக்கொண்டு போயிருக்கும். புதுப் பம்புக்கு மெல்லிய காகிதப் பேக்கிங் மட்டும் போட்டு இறுக்கியிருந்தால், சூடு நேராகப் பம்புக்கு ஏறும். அதோடு பம்ப் லீவரின் ஓட்டமும் மாறிப்போகும். கார்ப்ரேட்டர் அடியிலும் அதே மாதிரி ஒரு தடித்த பேக்கிங் உண்டு, அதையும் பாருங்கள். அடுத்து ரேடியேட்டர் ஃபேன். அது மின்சார ஃபேன். சென்சர் போயிருந்தால் சுற்றாது, டெம்பரேச்சர் முள் கொஞ்சம் மேலே நின்றாலும் நாம் கவனிக்க மாட்டோம். பிறகு ஹோஸ் போகிற பாதை. நீளமான ஹோஸைப் போட்டு எக்ஸாஸ்ட் பக்கம் தொங்கவிட்டிருப்பார்கள். பம்பிலிருந்து டேங்குக்குத் திரும்பிப் போகிற குழாய் இருந்தால், அது நசுங்கியிருக்கிறதா, யாராவது அடைத்துவிட்டார்களா என்றும் பாருங்கள். ஆவியையும் மிஞ்சிய பெட்ரோலையும் வெளியே விடுவதற்குத்தான் அது இருக்கிறது.

இனி மறுபக்கம். பீச்சல் நன்றாக வருகிறது, பொறி இல்லை அல்லது நோஞ்சான். இதில் என்னுடைய வெட்கக்கேடு ஒன்று உண்டு. சொந்தமாகக் கடை போட்ட புதிதில் ஒரு அம்பாசிடருக்கு கார்ப்ரேட்டரை இரண்டு வாரத்தில் நான்கு தடவை சுத்தம் செய்தேன். கோளாறு கண்டென்சரில், கட்டைவிரல் அளவு சாமான். சூடானால் உள்ளே கசியும், ஆறினால் சரியாகிவிடும். அன்றிலிருந்து கார்ப்ரேட்டர் என்று வருகிற வண்டிக்கு நான் முதலில் காயிலைத்தான் தொட்டுப் பார்ப்பேன். உங்கள் வண்டியில் பிளாட்டினம் பாயிண்டா, எலக்ட்ரானிக்கா என்று நீங்கள் எழுதவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால் தெரிந்துவிடும். பாயிண்ட் என்றால் கண்டென்சரும் பாயிண்டும் ஒன்றாக மாற்றிவிடுங்கள், சின்னச் செலவு. காயிலைச் சோதிக்க, நன்றாக ஓடுகிற இன்னொரு மாருதியின் காயிலை இரவல் வாங்கி ஒரு வாரம் மாட்டி ஓட்டுவதைவிட நல்ல வழி கிடையாது. மீட்டரில் ஓம்ஸ் பார்ப்பதாக இருந்தால், வண்டி நின்ற உடனே சூட்டோடு பாருங்கள், ஆறிய பிறகும் பாருங்கள். சூட்டில் எண் கொஞ்சம் ஏறுவது இயல்பு; ஒரேயடியாக ஏறினாலோ முள் ஆடாமலே போனாலோ காயில் உள்ளே அறுந்து அறுந்து ஒட்டுகிறது. ஆனால் மீட்டரில் நன்றாகக் காட்டிவிட்டு அழுத்தம் வரும்போது உள்ளுக்குள்ளேயே பொறி விடுகிற காயில்களும் உண்டு. அதனால்தான் இரவல் காயில் என்கிறேன். முன்பு யாராவது காயில் மாற்றியிருந்தால், அது ரெசிஸ்டரோடு ஓட வேண்டிய காயிலா என்றும் பாருங்கள். அந்த ரகத்தை ரெசிஸ்டர் இல்லாமல் நேரடியாக 12 வோல்டில் மாட்டினால், இருபது நிமிடத்தில் தொட முடியாமல் கொதிக்கும்.

எத்தனாலுக்கு வருகிறேன், இதைப் பற்றிச் சண்டைதான் அதிகம். உறுதியானது எது? 2022 ஜூனில் நாடு முழுக்க பத்து சதவீதக் கலப்பை எட்டினார்கள். 2023-லிருந்து இ20, அதாவது இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், படிப்படியாக வந்து, 2025-ல் இருபது சதவீதம் ஆகிவிட்டது. உங்கள் வண்டி பிறந்த காலத்தில் இப்படிப்பட்ட பெட்ரோல் இல்லை. அதன் ரப்பர் எதுவும் இதற்காகச் செய்யப்பட்டது இல்லை. எத்தனால் பழைய ரப்பரை உப்ப வைக்கும், இறுக வைக்கும். ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நீண்ட நாள் நிற்கிற டேங்கில் தண்ணீர் சேர்ந்தால் பிரிந்து அடியில் இறங்கும். டேங்கில் வருடக்கணக்காகப் படிந்ததைக் கரைத்துக் கிளப்பி ஃபில்டருக்கு அனுப்பவும் செய்யும். சுத்தப் பெட்ரோல் முழுதாக எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். இ20-க்கு ஏறக்குறைய 13.5. புகைக்குழாயில் சென்சர் வைத்து, கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீச்சுகிற எம்.பி.எஃப்.ஐ. வண்டி இதை ஓரளவு தானாகச் சரிக்கட்டும். கார்ப்ரேட்டருக்குக் கண் கிடையாது; பழைய ஜெட்டில் கொஞ்சம் லீனாக, அதாவது காற்று கூடி எரிபொருள் குறைந்த கலவையில்தான் ஓடும். லீன் என்றால் இழுவை குறையும், லேசான திக்கல் வரும், சூடும் கூடும். லிட்டருக்கு எத்தனாலில் உள்ள சக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான், எனவே மைலேஜும் கொஞ்சம் குறையும்.

சந்தேகமானது எது? அதனால்தான் உங்கள் வண்டி இருபதாவது நிமிடத்தில் நிற்கிறது என்பது. எத்தனால் கலந்தால் பெட்ரோலின் ஆவி அழுத்தம் ஏறும் என்பது உண்மை. ஆனால் அந்த ஏற்றம் பத்து சதவீதக் கலப்பு வாக்கிலேயே உச்சம் தொட்டுவிடும், இருபதில் இன்னும் ஏறுவதில்லை. அப்படியிருக்க, இ10-ல் நிற்காத வண்டி இ20-ஆல் மட்டும் ஆவி பிடிக்கிறது என்றால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. எத்தனாலை நான் இங்கே உடந்தை என்பேன், முதல் குற்றவாளி என்று சொல்ல மாட்டேன். பழைய ஹோஸ், அரைகுறைப் பேக்கிங், அழுக்கு டேங்க் ஆகியவற்றை அது வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது. ஹோஸ் மாற்றும்போது எத்தனால் தாங்கும் என்று எழுதியிருக்கிற ஹோஸாகப் பார்த்து வாங்குங்கள். பெட்ரோலை மாதக்கணக்கில் டேங்கில் கிடத்தாதீர்கள். இவ்வளவு செய்தால் போதும். பாட்டிலில் விற்கும் மருந்துகளைப் பற்றி, கார்ப்ரேட்டர் வண்டியில் நானாக ஒரு பலனையும் கண்டதில்லை.

புது கார்ப்ரேட்டர் வேண்டாம் என்று இப்போதைக்குச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சந்தையில் புதிது என்று கிடைப்பவற்றில் பல, அளவு பிசகிய நகல்கள். உங்கள் பழைய கார்ப்ரேட்டரின் உடல் வளையாமல், த்ராட்டில் தண்டு ஆடாமல் இருந்தால் அது அந்த நகலைவிட நல்ல கார்ப்ரேட்டர். எம்.பி.எஃப்.ஐ. எஞ்சினுக்கு மாற்றச் சொல்பவர்களுக்கு, செலவையும் ஆர்.டி.ஓ. பதிவையும் நினைத்தால், பதிலே தேவையில்லை.

ஞாயிறு மதியம் டேங்க் முக்கால் வாசி நிரம்பிய நிலையில் கிளம்புங்கள். பெட்ரோல் குறைந்ததால் நின்றது என்ற குழப்பம் அதில் வராது. கிளம்பும் முன் பம்ப் அடியில் தடித்த பேக்கிங் இருக்கிறதா, ஃபேன் சுற்றுகிறதா என்று இரண்டையும் பார்த்துவிடுங்கள், பத்து நிமிட வேலை. நின்றால், மூடியில் சத்தம் கேட்டதா, எத்தனை தடவை பீச்சியது, பொறி என்ன நிறம் என்ற மூன்றை மட்டும் எழுதி அனுப்புங்கள். நிற்காமலே வீட்டுக்கு வந்துவிட்டால், அதையும் எழுதுங்கள், அன்று எவ்வளவு வெயில் என்பதோடு.